'அசோ ஃப்ரீ' காகிதத்தில் இருக்கும் அந்த அசோ யார்?

சாயப்பட்டறைக்காரன்:

வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்க்கிறேன். பத்தொன்பது வருடமாகப் பீக்கரும் பிப்பெட்டும்தான் சோறு போடுகின்றன. பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனி, அனுப்பும் துணித்துண்டைப் பார்த்து அதே நிறத்தில் சின்னதாக ஒரு மாதிரிச் சாயம், லேப் டிப், போட வேண்டும், ஷேடு ஒத்துவந்தால் பெரிய மிஷினுக்கு ரெசிபி எழுதித் தர வேண்டும், இதுதான் வேலை. படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் மாஸ்டரிடம் திட்டு வாங்கிக் கற்றது.

எங்கள் ஊரில் 'அசோ ஃப்ரீ' என்ற சொல்லைக் கேட்காத ஆள் கிடையாது. சிலர் 'ஏசோ' என்பார்கள். சாயம் விற்கிறவர் ட்ரம்மோடு தரும் சான்றுக் காகிதத்தில் அது இருக்கும். பையர் ஃபைலில் முதல் தாளே அதுதான். ஒரு தடவை மெரூன் பனியன் லாட் ஒன்று டெஸ்டில் தோற்றுத் திரும்பி வந்தது. எங்கள் துணியில் ஒன்றும் இல்லை. கழுத்தில் வைத்துத் தைத்த நாடா வெளியில் வாங்கியது, அதில்தான் கோளாறு. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

போன வாரம் பதினொன்றாவது படிக்கும் மகள் என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "அப்பா, அசோன்னா யாரு? கண்டுபிடிச்சவர் பேரா?" என்றாள். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஆமாம், ஜெர்மன்காரர்" என்று சொல்லிவிட்டேன். அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "உயிரில்லாததுன்னு போட்டிருக்கே!" என்று சிரித்தாள்.

இப்போது என் சந்தேகம் இதுதான். சாயத்துக்கு உயிர் இல்லை என்று சொல்ல யாராவது மெனக்கெட்டுப் பெயர் வைப்பார்களா? அப்புறம், அசோ என்றால் உயிரில்லாதது, ஃப்ரீ என்றால் அது இல்லாதது. அப்படியானால் இத்தனை வருடமாக 'உயிரின்மை இன்மை'க்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளிடம் போன மானத்தைக் கொஞ்சம் மீட்க வேண்டும்.


பழைய பிப்பெட்:

தம்பி, உங்கள் மகளுக்கு முதலில் ஒரு சபாஷ். முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுத்தேன். அசோ சாயம் என்று கரும்பலகையில் எழுதியது நூறு முறையாவது இருக்கும். அசோ என்றால் என்ன என்று ஒரு பிள்ளைகூட என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

உயிரில்லாதது என்று பெயர் வாங்கியது சாயம் அல்ல, காற்று. நாம் நைட்ரஜன் என்று சொல்வதற்குப் பிரெஞ்சில் வைத்த பெயர் 'அசோட்'. சாய மூலக்கூறின் நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து நிற்கின்றன. அந்த ஜோடிக்குத்தான் அசோ என்று பெயர். வால் வெட்டின அசோட்.

சரி, காற்றுக்கு ஏன் அப்படி ஒரு பெயர்? அதற்கு ஒரு எலியிடமிருந்து தொடங்க வேண்டும். 1772-ல் எடின்பரோவில் டேனியல் ரூதர்ஃபோர்டு என்ற மாணவருக்கு அவருடைய ஆசிரியர் ஜோசஃப் பிளாக் ஒரு வேலை கொடுத்தார். மூடிய பாத்திரத்துக் காற்றில் எலியை விட்டார் மாணவர். எலி செத்தது. மிஞ்சிய காற்றில் மெழுகுவத்தியை எரித்தார், அணைந்தது. பிறகு பாஸ்பரஸை எரித்தார். கடைசியில் காரக் கரைசல் வழியாகச் செலுத்திக் கரியமில வாயுவையும் எடுத்துவிட்டார். அதன் பிறகும் நிறையக் காற்று மீந்து நின்றது. அதில் விளக்கு எரியவில்லை, எலி பிழைக்கவில்லை. 'கேடு செய்யும் காற்று' என்று ஆய்வேட்டில் எழுதிவைத்தார். அணுவைப் பிளந்து பார்த்த ரூதர்ஃபோர்டு வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் பிற்பாடு அதே எடின்பரோவில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். அந்தக் கேடு செய்யும் காற்றில் இருக்கும் சரக்கு இல்லாமல் ஒரு புல்கூட முளைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பதினைந்து வருடம் கழித்து, 1787-ல், பாரிஸில் லவாய்சியர், கிடோன் த மோர்வோ, பெர்த்தொலே, ஃபூர்குரோவா என்ற நான்கு பேர் உட்கார்ந்து வேதியியலுக்கே புதுப் பெயர்ப் பட்டியல் போட்டார்கள். அதுவரை இருந்த பெயர்களைக் கேட்டால் சமையல்கட்டு நினைவு வரும்: ஆண்டிமனி வெண்ணெய், விட்ரியால் எண்ணெய், துத்தநாகப் பூ. இனிமேல் பெயரைப் பார்த்தாலே பொருள் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நீரை உண்டாக்குவது ஹைட்ரஜன். அமிலத்தை உண்டாக்குவது ஆக்சிஜன். இந்த மூன்றாவது ஆசாமி என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். ஒன்றும் செய்யவில்லை. மூச்சுக்கு ஆகாது, நெருப்புக்கு ஆகாது. ஆகவே கிரேக்கத்தில் 'அ' என்றால் இல்லை, 'ஸோயே' என்றால் உயிர், இரண்டையும் ஒட்டி அசோட்.

இனி நமக்கு ருசியான இடம். அந்த 'அ' நமக்குப் பழக்கமானதுதான். நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம். வடமொழி வழியாக நம்மிடம் வந்த அந்த அகரமும் கிரேக்க அகரமும் ஒரே குடும்பம். அதைவிட, கிரேக்க 'ஸோயே'யும் வடமொழி 'ஜீவ'வும் ஒரே வேரில் கிளைத்தவை என்று மொழியியலார் காட்டுகிறார்கள். ஆக அசோட் என்பதை எழுத்துக்கு எழுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தால் 'அஜீவம்'. உங்கள் ஃபைலில் இருப்பது 'அஜீவ ஃப்ரீ'. மிருகக்காட்சிசாலையை 'ஜூ' என்கிறோமே, அதுவும் இதே உயிர்தான். முதலில் ஓர் 'அ' போட்டதில் அது காற்றாகிவிட்டது.

பெயர் நிலைக்கவில்லை. 1790-ல் ஷாப்தால் என்பவர், மூச்சுக்கு ஆகாத வாயு இது ஒன்றுதானா, ஆக்சிஜன் தவிர மற்ற எல்லாமே அப்படித்தானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஊரில் பத்துப் பேர் வழுக்கையாக இருக்கும்போது ஒருவரை மட்டும் மொட்டை என்று கூப்பிட்டால் எப்படி? வெடியுப்பில் இருப்பதால் 'நைட்ரஜன்', வெடியுப்பை உண்டாக்குவது, என்று அவர் வைத்தார். ஆங்கிலத்தில் அது ஒட்டிக்கொண்டது, அங்கிருந்து நமக்கும் வந்தது. ஆனால் காலி செய்த பழைய பெயர் சாமான்களை எடுத்துப் போகவில்லை. அசோ, டையசோ, அசைடு, ஹைட்ரசீன் எல்லாம் அது விட்டுப்போனவை. பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை ஆல்பெண்டசோலின் பின்பாதியிலும், கொரோனா காலத்தில் எல்லாரும் வாங்கி விழுங்கிய அசித்ரோமைசினின் முன்பாதியிலும் நைட்ரஜனைக் குறிக்க உட்கார்ந்திருப்பது இதே 'அசோட்'தான்.

ஜெர்மன்காரர் என்று சொன்னதில் பாதி மானம் தப்பியது. அசோ சாயம் செய்ய வழி திறந்த டையசோ வினையை 1858-ல் கண்டவர் பீட்டர் கிரீஸ், ஜெர்மன்காரரேதான். பிற்பாடு இங்கிலாந்தில் பர்ட்டன் ஊரில் பீர் வடிக்கும் ஆலையில் வேதியியலாளர் வேலை. பகலில் பீர், ஓய்வு நேரத்தில் டையசோ. உலகத்துச் சாயத்தில் பாதிக்கு மேல் இன்று அவர் போட்ட பாதையில்தான் வருகிறது.


சூதமணி:

பிப்பெட் ஐயா ஒன்றை விட்டுவிட்டார், அல்லது வேண்டுமென்றே மறைத்துவிட்டார். 'அசோத்' என்ற சொல் லவாய்சியருக்கு இருநூறு வருடத்துக்கு முன்பே இருந்தது. பாராசெல்சஸ் என்ற வைத்தியரின் பழைய படங்களைப் பாருங்கள். அவர் பிடித்திருக்கும் வாளின் கைப்பிடிக் குமிழில் அசோத் என்று பொறித்திருக்கும். ரசவாதிகளின் சர்வரோக நிவாரணி அது. அந்தச் சொல்லின் கட்டுமானமே ஒரு புதிர்: லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றுக்கும் முதல் எழுத்து அகரம். கடைசி எழுத்துகள் லத்தீனுக்கு 'இசட்', கிரேக்கத்துக்கு 'ஓ', எபிரேயத்துக்கு 'த்'. வரிசையாக வைத்தால் அ-ஸ்-ஓ-த். ஆதியும் அந்தமும் ஒரே சொல்லில். உயிரையே குறிக்கும் சொல்லைத் திருடி உயிரில்லாதது என்று மாற்றிவிட்டார்கள் என்பது என் கருத்து.


பழைய பிப்பெட்:

மறைக்கவில்லை சூதமணி, சோறு ஆறிக்கொண்டிருந்தது, எழுந்து போய்விட்டேன்.

எழுத்து விளையாட்டு நீங்கள் சொன்னபடியேதான், அழகானதுதான். நம் இலக்கணத்தின் 'அகரமுதல் னகர இறுவாய்' கணக்கையும் சேர்த்துக்கொண்டால் கடைசியில் ஒரு 'ன்' வரும். அசோத்தன். பக்கத்து ஊர் நாட்டாமை பெயர் மாதிரி இருக்கிறது.

ஆனால் அந்த விளக்கம் சொல் பிறந்த பிறகு மாட்டிவிட்ட சட்டை. அசோத் அரபியிலிருந்து வந்தது. பாதரசத்துக்கு அங்கே 'ஸாவூக்' என்று ஒரு பெயர். முன்னால் 'அல்' சேர்ந்தால் உச்சரிப்பில் 'அஸ்ஸாவூக்' ஆகும். அதை ஐரோப்பியர் வாய் அசோத் ஆக்கியது. நம் சித்தர் பாடல்களில் சூதம் என்றால் பாதரசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பெயரிலேயே வைத்திருக்கிறீர்கள். உங்கள் பெயரும் அசோத்தும் ஒரே சரக்கு.

திருட்டுக் குற்றச்சாட்டு நிற்காது. பாரிஸ் நால்வரும் ரசவாதப் பெயர்களைத் துடைத்தெறியக் கிளம்பியவர்கள். அந்தக் கூடையிலிருந்தே ஒன்றை எடுத்துத் தங்கள் பட்டியலில் வைப்பார்களா? அசோட் எங்கிருந்து வந்தது என்று அவர்களே கிரேக்கத்தைக் காட்டி எழுதியிருக்கிறார்கள். ஒன்று உயிருக்கு மருந்து, ஒன்று உயிருக்கு ஆகாதது. காதுக்கு இரட்டைப் பிள்ளைகள், பிறந்த வீடு வேறு.


லாசப்பல் பெடியன்:

வணக்கம் மாஸ்டர். நான் யாழ்ப்பாணம், இப்ப பாரிஸில் இருபத்திரண்டு வருசம். பெயர் நிலைக்கவில்லை என்று எழுதினீர்கள், அது இங்கே செல்லாது. இங்கே நைட்ரஜன் என்று சொன்னால் கடைக்காரனும் விளங்கமாட்டான். அசோட்தான். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் பெரிய வெள்ளைத் தாங்கியில் 'திரவ அசோட்' என்று எழுதியிருக்கும். பழைய பிரெஞ்சுப் புத்தகங்களில் குறியீடே 'என்' இல்லை, 'ஏ-இசட்'.

எங்கட பாடப்புத்தகத்தில் நைதரசன், ஒட்சிசன், ஐதரசன் என்று படித்துவிட்டு வந்தனான். மகன் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, காற்றில் 78 வீதம் அசோட் என்றான். நான், அப்படியொன்றும் இல்லை, 78 வீதம் நைதரசன் என்று அவனோடு வாதாடினேன். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் சண்டை. பிறகு பார்த்தால் இரண்டு பேரும் சரி.

ரஷ்யன், துருக்கி, இத்தாலியன் எல்லாரும் அசோட் பக்கம்தான். ஜெர்மன்காரருக்கு 'ஷ்டிக்ஷ்டோஃப்', மூச்சுத் திணறவைக்கும் பொருள். என்னோடு வேலை செய்யும் ஜப்பான்காரி சொன்னாள், அவர்களுடைய 'சிஸ்ஸோ'வும் அதே திணறல்தானாம், டச்சுக்காரரிடமிருந்து எடுத்து மொழிபெயர்த்ததாம். ஆக அந்த எலி செத்த கதையை அரைவாசி உலகம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.


பழைய பிப்பெட்:

ஓம், நீங்கள் சொன்னதுதான் சரி, ஆங்கிலக் கண்ணாடியோடு எழுதிவிட்டேன். சீனர்கள் மட்டும் கொஞ்சம் நாகரிகம். 'நீர்க்கச் செய்வது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், ஆக்சிஜனை நீர்க்கச் செய்வதால். மோரில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கொலைப்பழி இல்லை.

நைட்ரஜன் என்ற பெயரிலும் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 'நைட்டர்', 'நேட்ரான்' இரண்டும் ஒரே பழஞ்சொல்லின் இரண்டு வடிவங்கள். எகிப்தில் உப்பு ஏரிகளில் அள்ளிய சோடா உப்பைக் குறித்த சொல் அது. ஒரு வடிவம் வெடியுப்புக்குப் போய் நைட்ரஜன் ஆயிற்று. இன்னொன்று 'நேட்ரியம்' ஆகி, சோடியத்துக்கு 'என்-ஏ' என்ற குறியீடாக நிற்கிறது. சோடியத்தில் 'என்' எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். அதற்கு மட்டும் நான் பதில் தயாராக வைத்திருந்தேன்.


கோபி மஞ்சக்காடு:

சார், நான் விவசாயி. வேதியியல் தெரியாது. ஆனால் நைட்ரஜனுக்கு எங்களிடம் இருக்கும் பெயரை யாரும் சொல்லவில்லையே. தழைச்சத்து. மணிச்சத்து பாஸ்பரஸ், சாம்பல்சத்து பொட்டாஷ், தழைச்சத்து நைட்ரஜன். உரக்கடையில் இதுதான் பாஷை. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அது குறைந்தால் இலை வெளுக்கும், கூடினால் பயிர் கொழுத்துப் படுத்துக்கொள்ளும், பூச்சி வரும்.

வயலில் சணப்பு, தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுவதும் அதற்குத்தான். காற்றில் இருப்பதை அதன் வேர் முடிச்சுகள் பிடித்துவைக்கும். நீங்கள் உயிரில்லாதது என்கிறீர்கள், நாங்கள் தழைய வைப்பது என்கிறோம்.

இன்னொன்று. சாயக்காரர் ஷேடு பார்க்கிறேன் என்றாரே, நெல்லுக்கு நாங்களும் பார்க்கிறோம். இலை வண்ண அட்டை என்று ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள். இலையை அதன்மேல் வைத்து ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே போனால் யூரியா. வெயில் நேராக விழாமல் நம் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும்.


சாயப்பட்டறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து ஒரே மூச்சில் படித்தேன்.

கோபிக்காரரே, நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றீர்களே, அது எங்கள் தொழில் ரகசியம். நாங்கள் அதற்கு ஒரு பெட்டியே வைத்திருக்கிறோம், உள்ளே நான்கு வகை லைட். ஒரே துணி கடை வெளிச்சத்தில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் காட்டும். நீங்கள் பச்சையைப் பார்ப்பதும் நான் மெரூனைப் பார்ப்பதும் ஒரே நைட்ரஜனுக்காக என்று இன்றுதான் தெரிந்தது.

பிப்பெட் ஐயாவுக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில் மரியாதை. புத்தகத்தில் இருக்காது, அதனால் சொல்கிறேன். 'அசோ ஃப்ரீ' என்று எழுதியிருக்கும் துணியில் அசோ இருக்காது என்றுதான் வெளியில் எல்லாரும் நினைக்கிறார்கள். நிறையவே இருக்கும். பருத்திக் கறுப்புக்கு நாங்கள் அதிகம் போடும் ரியாக்டிவ் பிளாக் 5-ல் ஒன்றல்ல, இரண்டு அசோ ஜோடிகள். அது தடைப்பட்டியலில் இல்லை. தடை எல்லா அசோவுக்கும் கிடையாது. அந்த ஜோடியை நடுவில் உடைத்தால் சில சாயங்களிலிருந்து பென்சிடின் போலப் புற்றுநோய் தரும் அமீன்கள் விழும். ஐரோப்பியப் பட்டியலில் அப்படி 22 அமீன்கள். கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் துணி ஃபெயில். ஜெர்மனி 1994-ல் தொடங்கியது, நம் நாட்டிலும் 1997-ல் அப்படிப்பட்ட அசோ சாயங்களைத் தடை செய்தார்கள். ஆக அந்தச் சான்றிதழின் சரியான பெயர் 'கெட்ட அமீன் ஃப்ரீ'. அதை யார் சொல்லப்போகிறார்கள்? சுருக்கமாக இருப்பதுதான் வாயில் நிற்கிறது. அந்த எலிக்காற்றுக்கு அசோட் என்று வைத்தவர்களும் இப்படித்தான், ஷாப்தால் கேட்ட கேள்வியை நான் எங்கள் ஃபைலைப் பார்த்துக் கேட்கலாம்.

உடைப்பது எப்படி என்றால், ஹைட்ரோஸ். டெஸ்ட் லேபிலும் அதேதான், கெமிக்கல் பெயர் சோடியம் டைதயோனைட் என்று போடுவார்கள். நாங்கள் ஷேடு தப்பிப்போன லாட்டை ஸ்ட்ரிப் பண்ண, அதாவது ஏறிய சாயத்தைக் கழற்ற, அதைத்தான் கொட்டுகிறோம். கறுப்புத் துணி கண்முன்னாலேயே வெளுத்துவிடும். டர்காய்ஸ் என்ற பச்சைநீலச் சாயம் மட்டும் அசையாது, கல் மாதிரி நிற்கும். அது அசோ இல்லை, அதற்குள் உடைக்க ஜோடி கிடையாது. இத்தனை வருடம் அதைத் திட்டியிருக்கிறேன், காரணம் இப்போதுதான் சொல்லோடு சேர்ந்து விளங்குகிறது.

மகளிடம் ஜெர்மன்காரர் கதையைத் திருத்தினேன். பீர் ஆலை என்றதும் அவள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வேதியியல் நோட்டில் அசோட், அஜீவம், தழைச்சத்து என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிவைத்திருக்கிறாள். ஓரத்தில் ஒரு சீசா, அதற்குள் ஓர் எலி. எலிக்கு மீசைகூட வரைந்திருக்கிறாள்.

அடுத்த கேள்வியையும் அவளே கொடுத்துவிட்டாள். நாங்கள் மூட்டை மூட்டையாகப் போடும் 'கிளாபர் சால்ட்'டில் வரும் கிளாபர் யார்? இவராவது நிஜ ஆளா?


பழைய பிப்பெட்:

நிஜ ஆள்தான் தம்பி. பதினேழாம் நூற்றாண்டு, இவரும் ஜெர்மன்காரர். அந்த உப்புக்கு அவர் வைத்த பெயர் 'அதிசய உப்பு'. தனி இழையாகப் போடுங்கள், இங்கேயே ஆரம்பித்தால் இன்றைக்கும் சோறு ஆறிப்போகும்.